தரை டிக்கெட்டுக்காரர்கள் தப்பாகப் பார்த்த படம்

போன ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் ஒரு சினிமாச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். போயிருந்தேன் என்று சொல்வது கௌரவத்துக்காக. உண்மையில் கொண்டுபோகப்பட்டேன். என் மைத்துனர் பிள்ளை அந்தச் சங்கத்தில் உதவிக் காரியதரிசி. காலி நாற்காலிகளில் உறவுக்காரர்களைக் கொண்டுவந்து நிரப்புவதுதான் உதவிக் காரியதரிசியின் கடமை என்பது இந்த ஊரில் எந்தச் சங்கத்துக்கும் எழுதாத விதி. எனக்கோ, ஐம்பதைத் தாண்டியபிறகு, மாட்டேன் என்று சொல்வதற்கு ஆகிற சிரமம் போய்விட்டு வருவதற்கு ஆவதில்லை.

அன்றைக்குக் காட்டப்போவது ஒரு கிளாசிக் என்றார்கள். பழசாகியும் தூக்கிப்போட யாருக்கும் ஞாபகம் வராத பொருளுக்கு அப்படிப் பெயர். என்னையே இரண்டொருவர் அப்படிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஊமைப்பட காலத்தில் எடுத்ததாம். அதிலிருந்து இனத்துவேஷத்தைப் பற்றி நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று ஓர் இளைஞர் முன்னுரை வழங்கினார். நன்றாகவே பேசினார். படத்தில் வரும் கறுப்பு ஆள் கறுப்பனே இல்லை, முகத்தில் கரியைப் பூசிக்கொண்ட வெள்ளைக்கார நடிகன் என்றார். எனக்கு அது புதுச் செய்தி. 'அவர்களுடைய மனம்', 'அவர்களுடைய சமுதாயம்' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் துவேஷத்தைக் கடலுக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு முன் வரிசையில் இரண்டு அம்மாள்கள் ஒரு வரன் விஷயமாக மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்துகிறதாம். குடும்பம் நல்ல குடும்பமாம். "பொண்ணுதான் கலர் கொஞ்சம் மட்டு" என்றாள் ஒருத்தி. மற்றவள் அனுதாபத்தோடு உச்சுக்கொட்டினாள். அதற்குள் பேச்சு முடிந்துவிடவே, இருவருமாகப் பேச்சாளருக்குக் கை தட்டினார்கள்.

விளக்கை அணைத்தார்கள். மெஷின் ஓடத் தொடங்கிச் சற்று நேரத்துக்கெல்லாம், சூடேறிய தகரமும் ஃபிலிமும் கலந்த அந்த வாடை வந்தது. திரையில் பஞ்சுக் காடு. அதன் நடுவே முதுகில் மூட்டையோடு ஒருவன் நடந்து வந்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தப் படத்தை நான் ஒரு வாரம் முழுக்க, காட்சிக்குக் காட்சி கேட்டிருக்கிறேன். ஆமாம், கேட்டிருக்கிறேன். ஊமைப்படத்தை எப்படிக் கேட்பது என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் பி.ஏ. தேறியது, இந்த நாட்டில் பி.ஏ. பஞ்சம் தீர்ந்து வெள்ளம் வந்துவிட்ட சமயம். மயிலாப்பூரில் சித்தப்பா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஹைகோர்ட்டில் வக்கீல். அந்தக் காலத்து மயிலாப்பூரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு வக்கீல் மேல்தான் விழும், விழுந்தால் அவரே கேஸ் போடுவார். சித்தப்பா வீட்டுக்கு வேளாவேளைக்குக் காப்பி வரும், காகிதக்கட்டுகள் வரும், கட்சிக்காரர்கள் வருவார்கள். என்னைச் சட்டம் படி என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். நான் சிந்தாதிரிப்பேட்டையில் ஒருவருக்கு இங்கிலீஷ் ட்யூஷன் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லித் தப்பித்து வந்தேன்.

சித்தப்பா நல்ல கறுப்பு. எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றி யாருமே பேசமாட்டார்கள், அவர் எதிரில். கறுப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு அவர் புறப்பட்டால் கவுன் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க விளக்கு வேண்டும் என்பது என் அத்தை செய்த ஹாஸ்யம். குடும்பமே அதை வருஷக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டது. அவருடைய பெண் அவரைக் கொண்டு பிறந்துவிட்டாள். அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் சித்தப்பா 'மாநிறம்' என்பார். எந்தச் சாட்சியத்தையும் திரிக்காத மனுஷர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு பூசுவார்.

ட்யூஷன் என்று சொன்னேன் அல்லவா, அது முழுப் பொய்யும் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தங்கரையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. நாயுடு ஒருவருடையது. மவுண்ட் ரோடு கொட்டகைகளில் துரைமார் பார்த்துத் தேய்த்து அனுப்பிய படங்கள் எங்களுக்கு வரும். முன்னால் தரை டிக்கெட், நடுவில் பெஞ்சு, பின்னால் கொஞ்சம் நாற்காலி. படத்துக்கு இடையிடையே இங்கிலீஷ் எழுத்தில் கார்டுகள் வரும்: யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யார் நல்லவன், யார் கெட்டவன் என்றெல்லாம். தரையில் இருப்பவர்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொல்லவேண்டும். எங்கள் கொட்டகையில் சொன்னவர் காசிம் பாய். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆகவே படம் மாறுகிற வெள்ளிக்கிழமை மத்தியானம், காலிக் கொட்டகையில் அதை ஒருமுறை ஓட்டுவார்கள். நான் கார்டுகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே போகவேண்டும். அதுதான் உத்தியோகம். கொட்டகையில் எனக்குக் கார்டு ஐயர் என்று பெயர்.

காசிம் பாய்க்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். முன்னே ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவர். குதிரை செத்துப்போய், படத்து நோட்டீஸ் வண்டிக்கு முன்னால் தம்பட்டம் அடிக்க வந்து, ஒருநாள் கதை சொல்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது அவர் இடத்தில் ஏறி நின்றவர், பிறகு இறங்கவே இல்லை. பொல்லாத தற்பெருமைக்காரர். நான் கார்டு படிக்கும்போது வெற்றிலையை மென்றுகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், காதிலேயே விழாதது போல. சாயந்திரம் பார்த்தால் என் ஐந்து வார்த்தை ஐம்பதாகியிருக்கும். லண்டன் பிரபு சைதாப்பேட்டை ஜமீன் ஆகிவிடுவார். "ஐயரே, நீ எலும்புதான் குடுக்கறே. கறி நான்தான் போட்டுக்கினு கீறேன்" என்பார். அவர் வீட்டுத் தெருவில் அவரை ஜட்காக்காரர் என்று கூப்பிடுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். திரைக்குப் பக்கத்தில் இருந்த அந்த இரண்டடி இடம்தான் அவருக்கு உலகத்தில் கிடைத்த ஸ்தானம். அது போய்விட்டால் மறுபடி குதிரை வால்தான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சிரிப்புக் கண்வரை போகாது.

கதை சொல்கிறவருக்குக் கையில் ஒரு பிரம்பு உண்டு. கெட்டவன் முதல்முதலாகத் திரைக்கு வந்ததும் அதனால் தகரச் சுவரில் ஓங்கித் தட்டவேண்டும். அந்தச் சத்தம் கேட்டதுமே தரை டிக்கெட் ஊளையிடத் தொடங்கும். பிறகு படம் முடிகிறவரை அந்த ஆள் எப்போது தலையைக் காட்டினாலும் வசவுதான். ஜனங்கள் கண்ணால் பார்ப்பதற்குள் காதால் முடிவு செய்துவிடுவார்கள். பட்டம் வாங்கிய நாங்களும் வேறு மாதிரி இல்லை. எங்களுக்குப் பிரம்புக்குப் பதில் பத்திரிகை.

இனிமேல் அந்தப் படம். அமெரிக்காவில் ஒரு பஞ்சுத் தோட்டம். தோட்டத்துத் துரையின் மகன், சுருட்டை முடிக் குழந்தை. அங்கே ஒரு கறுப்பு வேலைக்காரன், நெஞ்சில் நஞ்சு கொண்டவன் என்று கார்டு சொல்லும். ஒருநாள் துரை அவனைச் சாட்டையால் அடிக்கிறான். பழி வாங்க அவன் பஞ்சுக் கிடங்குக்குத் தீ வைத்து, குழந்தையைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். வெள்ளைக்காரர்கள் நாய்களோடு துரத்திப்போய்ப் படகுத் துறையில் அவனைப் பிடித்துக் கொன்று குழந்தையை மீட்கிறார்கள். நீதி வென்றது என்று கடைசிக் கார்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் இதை நான் ஒழுங்காகத் தமிழில் சொன்னேன். காசிம் பாயும் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்.

சாயந்திர ஆட்டம். அந்த ஆள் மூட்டையோடு வந்தான். காசிம் பாய் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிவிட்டுப் பிரம்பைத் தூக்குவதற்குள், தரையில் கைத்தட்டல் கிளம்பிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துப் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்களே, அங்கே சுண்ணாம்பு சுமக்கிறவர்கள், எல்லாரும் தட்டினார்கள். இதுவரை வந்த எந்த இங்கிலீஷ் படத்திலும் முதுகில் மூட்டையோடு ஓர் ஆள் வந்ததில்லை. வந்தவன் தங்கள் நிறத்தில் வேறு இருக்கிறான். இவன்தான் கதாநாயகன் என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள்.

ஓங்கிய பிரம்பைக் காசிம் பாய் மெள்ள இறக்கினார். கூட்டத்தோடு மல்லுக்கு நிற்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "வராரு பாரு நம்ம மாரி அண்ணன்" என்று எடுத்துவிட்டார். அவ்வளவுதான். கதை அப்படியே கவிழ்ந்துகொண்டது. சாட்டையால் அடித்த துரைக்குத்தான் பிரம்புத் தட்டு விழுந்தது. தீப்பிடித்த கிடங்கிலிருந்து அவன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தபோது, மாரி அண்ணன் தன் உயிரைப் பணயம் வைத்து எசமான் பிள்ளையைக் காப்பாற்றியதாக ஆயிற்று. படகுத் துறையில் அவன் செத்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒப்பாரியே வந்தது.

நான் திரைக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு சங்கடம். அன்றைக்குத்தான் கார்டுகளைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்தேன், திரைக்குப் பின்னாலிருந்து எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பித் தெரிந்ததால் படிக்க முடியவில்லை. அவன் தீ வைப்பதாக ஒரு காட்சியும் படத்தில் கிடையாது. தீ எரிகிறது. ஓர் ஆள் உள்ளேயிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். மற்றதெல்லாம் கார்டு.

மறுநாள் சனிக்கிழமை. நாற்காலி வகுப்பில் யார் வந்து உட்கார்ந்தார் என்கிறீர்கள்? சித்தப்பா. நாயுடுவின் கொட்டகைக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்த வக்கீல் அவர்தான் என்பதும், அவருக்கு அங்கே எப்போதும் ஒரு நாற்காலி உண்டு என்பதும் எனக்கு அதுவரை தெரியாது. நாயுடுவுக்கும் நான் அவர் வீட்டுப் பிள்ளை என்பது தெரியாது. ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் சினிமாக் கொட்டகைக்குப் போய்வந்த அளவுக்கு எங்கள் குடும்பத்தில் ஒழுக்கம் நிலவியது.

சித்தப்பா கண்ணால் கார்டைப் படித்தார், காதால் காசிம் பாயைக் கேட்டார். இரண்டும் இரண்டு திக்கில் போயின. இடைவேளையில் நாயுடுவின் அறைக்கு என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். சித்தப்பா என்னைப் பார்த்தார். "இதுதான் ட்யூஷனோ" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. பெரிய குற்றம் விசாரணையில் இருக்கும்போது சில்லறைக் குற்றத்தை ஒத்திவைக்கிற கோர்ட்டுப் பழக்கம். கார்டை நான் சரியாகச் சொன்னேனா என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னேன் என்றேன். படத்தில் தீ வைப்பது வரவில்லையே என்றும் இழுத்தேன். "கார்டுல போட்டிருக்கோல்லியோ? டாக்குமெண்ட்ல இருக்கறதுதாண்டா சாட்சியம். மத்ததெல்லாம் உன் அபிப்பிராயம்" என்றார்.

பிறகு நாயுடு பக்கம் திரும்பினார். தரை டிக்கெட்டு ஜனங்கள் துரைமாரைக் கூண்டோடு வைதுகொண்டிருக்கிறார்கள். ஊரில் அப்போது பகிஷ்காரமும் ஊர்வலமுமாக இருந்த காலம். போலீஸ் காதுக்கு எட்டினால் லைசென்ஸ் என்ன ஆகும்? தவிர, எஜமானன் அடித்தான் என்பதற்காக ஒரு வேலைக்காரனை நாயகனாக்கினால், நாளைக்கு யார் யாருக்கு வேலை செய்வார்கள்? நாயுடு வியர்த்துப்போய்க் காசிம் பாயைக் கூப்பிட்டார். நாளை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கார்டில் இருப்பதைத்தான் சொல்லவேண்டும், கறுப்பனுக்குத்தான் பிரம்பு தட்டவேண்டும், முடியாது என்றால் புரசைவாக்கத்தில் ஒருவர் நாளைக்கே வரக் காத்திருக்கிறார் என்றார். வக்கீல் சாரும் வந்து கேட்பார் என்றார்.

காசிம் பாய் வீராவேசமாக ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாய்தான் என்னுது நைனா. கொட்டா உன்னுது. சொல்லிட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சித்தப்பா ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வந்து உட்கார்ந்தார். அந்த ஆள் மூட்டையோடு வந்தான். காசிம் பாய் பிரம்பை ஓங்கித் தட்டினார். கொட்டகை அதிர்ந்தது. ஊளை வரவில்லை. பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்தவர்கள். பார்க்காதவர்கள் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்தார்கள். அவர் இன்னொருமுறை தட்டினார். தரையில் முன்வரிசையில் அஞ்சலை என்று ஒரு சித்தாள், வெள்ளிக்கிழமையிலிருந்து ஓர் ஆட்டம் விடாமல் வந்துகொண்டிருந்தவள், எழுந்து நின்றாள்.

"இன்னா பாய், ஆளு மாறித் தட்டிக்கினு கீறே?"

"மாறல. கார்டுல இவன்தான் கெட்டவன்னு போட்டுக்கீது" என்றார் காசிம் பாய்.

அதற்குப் பிறகு அவர் தன் சரக்காக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. எலும்பு மட்டும்தான். அதுவும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'கார்டு சொல்லுது' என்று ஒரு முத்திரை. கார்டு சொல்லுது, இவன் நெஞ்சுல நஞ்சு. கார்டு சொல்லுது, தொரை நல்லவரு. கோர்ட்டு அமீனா ஏலம் கூறுவது போன்ற குரல். இப்படி ஒரு கதை அந்தக் கொட்டகை கேட்டதில்லை. சித்தப்பாவின் நிபந்தனைப்படி ஓர் எழுத்துக் கூடவில்லை, குறையவில்லை.

தீப்பிடிக்கும் காட்சியோடு அந்த ரீல் முடிந்தது. எங்களிடம் ஒரே மெஷின். ரீல் மாற்றும்போது விளக்கைப் போட்டுவிடுவார்கள். விளக்கு வந்தது.

"கார்டு சொல்லுது, இந்தப் பாவி கெடங்குக்கு நெருப்பு வெச்சான். தொரையூட்டுக் கொழந்தையத் திருடிக்கினு ஓடறான்" என்று காசிம் பாய் முடித்தார்.

"வெச்சத நீ பாத்தியா?" என்றாள் அஞ்சலை.

"நான் பாக்கல. கார்டு சொல்லுது."

"கார்டு பாத்துச்சா?"

சிரிப்பு எழுந்தது. காசிம் பாய் சிரிக்கவில்லை.

"நீ இன்னா பாத்தே அஞ்சல?"

"நெருப்புக்குள்ள பூந்து கொழந்தையத் தூக்கியாந்தான். அதான் பாத்தேன். இங்க குந்திக்கினு கீறவங்க அல்லாரும் அதான் பாத்தாங்க. அதுக்கு இன்னா பேரு?"

"கார்டுல அதுக்குப் பேரு போடல."

"அப்ப அதோ வக்கீல் ஐயரு கீறாரே, அவரக் கேளு. மாம்பலத்துல அவரு புச்சா கட்டற வூட்டுக்குத்தான் நான் சுண்ணாம்பு தூக்கறேன். நாயம் தெரிஞ்சவரு. நெருப்புலேந்து புள்ளயத் தூக்கினா குத்தமான்னு சொல்லட்டும்."

கொட்டகை முழுவதும் திரும்பியது. காசிம் பாயும் பார்த்தார். நாயுடு வாசற்படியில் உறைந்து நின்றார். ஹைகோர்ட்டில் எத்தனையோ நீதிபதிகளுக்கு முன்னால் வாய் ஓயாமல் பேசிய மனுஷர், அந்த மஞ்சள் வெளிச்சத்தில், அத்தனை கறுப்பு முகங்களும் தம் கறுப்பு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் காசிம் பாயின் இடம் போய்விடும். இன்னொரு வார்த்தை சொன்னால் அவர் சொன்ன சட்டம் போய்விடும். ரீல் மாற்ற அன்றைக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியவில்லை.

"அடுத்த ரீலைப் போடச் சொல்லுங்கோ" என்றார் கடைசியில்.

விளக்கு அணைந்தது. படகுத் துறையில் நாய்கள் வந்தன, துப்பாக்கிகள் வந்தன. படத்துக்கு வாசிக்கிற ஆர்மோனியக்காரர் இந்த இடத்துக்கு வைத்திருந்த ஜயகோஷ மெட்டைத் தொடங்கிவிட்டு, பாதியில் கையை எடுத்துவிட்டார். அந்த ஆள் குழந்தையைத் தரையில் பதமாக இறக்கி வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கினான். சுட்டார்கள்.

"கார்டு சொல்லுது, நீதி கெடச்சுது" என்றார் காசிம் பாய். வைவாரும் இல்லை, அழுவாரும் இல்லை. அவ்வளவு பேர் இருந்த கொட்டகையில் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

சித்தப்பாவும் நானும் ஒரே ஜட்காவில் வீடு திரும்பினோம். லஸ்ஸுக்குக் கிட்டத்தில் வந்தபோது, வண்டிக்காரன் முதுகைப் பார்த்தபடி சொன்னார்:

"எழும்பூர் ஸ்டேஷன்ல ஒருதரம் ஒரு துரை என்னை வண்டியை விட்டு இறக்கிட்டான். ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் கையிலதான் வச்சிண்டிருந்தேன். அதை வாங்கிப் பார்க்கணும்னே ஒருத்தனுக்கும் தோணலை."

வண்டி எங்கள் தெருவில் திரும்பியதும், "ஆத்துல சொல்லிண்டு நிக்காதே" என்றார்.

மறுநாள் காலை நாயுடு வந்தார். புரசைவாக்கத்துக்காரரை வரச்சொல்லட்டுமா என்று கேட்டார். சித்தப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, கார்டில் இருந்ததை ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அந்த பாய் சொல்லிவிட்டான், அதற்குமேல் அவனைக் கேட்க ஒன்றுமில்லை என்றார். காசிம் பாயின் இடம் பிழைத்தது. விவரம் சொன்னபோது அவர், "உங்க சித்தப்பாவுக்கு என் குரலு புடிச்சிப்போச்சு ஐயரே" என்றார். தற்பெருமையின் ஆயுள் கெட்டி.

சித்தப்பா மாறிவிட்டார் என்று நான் எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். பெண்ணை 'மாநிறம்' என்றுதான் கடைசிவரை சொன்னார். மாம்பலத்து வீடு எழுந்தது. கிருகப்பிரவேசத்தன்று வேலையாட்களுக்கெல்லாம் கொல்லைப்புறத்தில், எங்களுக்கெல்லாம் ஆனபிறகு, இலை போட்டார்கள். அஞ்சலை தன் தலையில் சுண்ணாம்பு சுமந்து கட்டிய அந்தக் கூடத்துக்குள், தரை காய்ந்தபிறகு ஒருநாளும் கால் வைத்ததில்லை. பந்தி விசாரித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். உள்பந்தியில்.

இரண்டு மூன்று வருஷத்தில் டாக்கி வந்தது. படம் தானே பேசத் தொடங்கியதும் கார்டும் போயிற்று, கார்டு ஐயரும் போனார், காசிம் பாயும் போனார். என்னை ஓர் ஆபீஸ் எடுத்துக்கொண்டது. அவரை யாரோ ஒருவருடைய குதிரை எடுத்துக்கொண்டது. இப்போது கொட்டகை இருந்த இடத்தில் மோட்டார் உதிரிபாகம் விற்கிறார்கள். டிராம் போயிற்று. கூவத்தில் அந்தக் காலத்திலேயே நாற்றம் உண்டு, அது ஒன்றுதான் போகவில்லை. மாம்பலத்து வீட்டையும் விற்றாயிற்று. இதற்கெல்லாம் பெருமூச்சு விடும் தெம்பு எனக்கு இல்லை. இருந்த இடத்தில் வேறொன்று இருக்கிறது, அவ்வளவுதான். போய்விட்டது என்று எனக்கு உறைத்தது வேறொன்று. அதையும் போன அன்றைக்கே பார்த்தேன்.

டாக்கி வந்த புதிதில் காசிம் பாய் ஒருநாள் ஜட்காவை வாசலில் நிறுத்திவிட்டு, வா ஐயரே என்று என்னைத் தரை டிக்கெட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். நம் தமிழ்ப் படம்தான். நம் ஆட்கள், நம் பாஷை, நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. இரண்டு வரிசை முன்னால் அஞ்சலை இருந்தாள். தலையைத் திருப்பி, "வா பாய்" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். படத்தில் ஒரு வேலைக்காரி, நல்ல கறுப்பு, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ராஜகுமாரனின் தோழன் அவளைப் பார்த்துத் துள்ளி எழுந்து, பட்டப்பகலில் அமாவாசை வந்துவிட்டதே என்றான். கொட்டகை இடிந்து விழுந்தது. துறைமுகத்து ஆட்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அஞ்சலை சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வசனம் அவ்வளவு வேகமாக வந்தது.

காசிம் பாய் பழைய ஞாபகத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"அவ இன்னா தப்பு பண்ணா? தண்ணிதான கொண்டாந்தா?"

கூட்டத்தைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் வரக் கொஞ்சம் நேரம் வேண்டுமல்லவா? திரை அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. தோழன் அடுத்த வேடிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அஞ்சலைதான் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை.

"குந்து பாய். ஒண்ணும் கேக்கல. பாட்டு வருது."

காசிம் பாய் உட்கார்ந்தார். பாட்டு வந்தது. நன்றாகத்தான் இருந்தது.